பக்கத்தில் நிற்கிறவர்கள்

(கிளிநொச்சியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘இலக்கிய ஆர்வலர்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவன். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் வாசிப்பேன், பாட்டுக் கேட்பேன். அவ்வளவுதான். இதில் ஒரு வசதி உண்டு. விமர்சகர்கள் பாவம், நாளைக்குத் தங்கள் புத்தகத்துக்கு முன்னுரை எழுத வேண்டியவரின் புத்தகத்தை இன்றைக்கு எப்படிக் குறை சொல்வது என்று யோசிக்க வேண்டும். எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. பிடித்தால் பிடித்தது என்பேன். பிடிக்காவிட்டால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எனக்குப் பிடித்தவை சுயசரிதைகள், நினைவுக் குறிப்புகள், கட்டுரை நூல்கள், பாட்டுத் தொகுப்புகள். நாவல் வாசிப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அதிலும் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். தண்ணிமுறிப்புக் காட்டை அப்படி எழுதினவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அது இன்றைய கதையில்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்த முறைப்பாடு இதுதான். எங்கள் பக்கத்தில் நினைவுநூல்களை யாரும் புத்தகமாக வாசிப்பதில்லை. ஒரு நூல் வந்த உடனே அட்டையைப் பார்க்கிறோம். எழுதினவர் எந்த இயக்கம், எப்போது விலகினவர், இப்போது எந்த நாட்டில் இருக்கிறார், யார் அச்சடித்தது? இந்த விசாரணை முடிந்ததும் தீர்ப்பும் வந்துவிடுகிறது. உள்ளே திறந்து பார்க்கிற தேவையே இருப்பதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் விளங்காமல் இல்லை. இந்த மண்ணில் ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிவது பல வருடங்களாக உயிர் தப்புகிற அறிவாக இருந்தது. அந்தப் பழக்கம் வாசிப்புக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் ஒரு புத்தகத்துக்கு அது போதாது.

நான் வேறொரு கேள்வி கேட்பேன். எழுதினவரை விட்டுப்பாருங்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களில் யார் யார் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருக்கிறார்கள்?

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை எடுங்கள். 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் காலமானபோது முடியாமல் நின்றுபோன நூல். தலைப்பில் ‘என்’ என்று இருக்கிறதே தவிர, உள்ளே ராச்சியம் நடத்துகிறவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்த மனிதர் செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போகிற வேகம், கையில் காசு நிற்காத வாழ்க்கை, மாணவனைத் தாங்குகிற விதம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். 1876இல் அவர் இறக்கிற இடத்துக்கு வந்தால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நிற்கத் தோன்றும். எங்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் அதில் வருகிறார். சீவக சிந்தாமணியைத் தாமும் பதிப்பிக்க விரும்பியவராக, அதாவது ஐயருக்குப் போட்டியாக வருகிறார். தன் சரித்திரத்தில் போட்டியாளனுக்கும் இருக்கை போட்டுக் கொடுத்திருக்கிறாரே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

இனி அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’. பரிசளிப்பு விழாக்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புத்தகம். இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர் வாங்கியிருப்பீர்கள். எத்தனை பேர் கடைசிவரை வாசித்தீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். முற்பாதி அருமை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடுகிற ரயிலில் இருந்து எறிகிற பத்திரிகைக் கட்டுகளைப் பையன் பிடிக்கிறான். அக்கா தன் வளையல்களை அடகு வைத்துப் படிப்பிக்கிறா. சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார். தலைமன்னாருக்கு அக்கரையில் நடந்ததுதானே, எங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும். பிறகு ரொக்கட் வருகிறது. 1980இல் எஸ்.எல்.வி.-3 மேலே போகிறது, 1989இல் அக்னி மேலே போகிறது, மனிதர்கள் பதவிப் பெயர்களாகக் கீழே தங்கிவிடுகிறார்கள். பிற்பாதி கூட்டக் குறிப்புப் போல ஓடுகிறது. நாட்டுக்கு ரொக்கட் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். வாசகனுக்கு அந்த வளையல்தான் பெரிது.

லெனாட் வூல்ஃப் எழுதிய ‘குரோயிங்’ 1961இல் வந்தது. ஆங்கிலம் வாசிப்பவர்கள் கட்டாயம் தேட வேண்டும். 1905இல் சிவில் சேவை உத்தியோகத்தனாக யாழ்ப்பாணத்துக்கு வருகிறார். ரயில் பாதை அப்போது முழுதாகப் போட்டு முடியவில்லை. அனுராதபுரத்தில் இறங்கி, தபால் ஏற்றுகிற மாட்டுவண்டியில் காட்டுக்குள்ளால் ஆனையிறவு வரைக்கும் வந்து, அங்கே திரும்ப ரயில் பிடித்தார். அதாவது எங்கள் வன்னிக்குள்ளால் வந்தார். அவர் இலங்கைக்குக் கொண்டுவந்தவற்றில் வோல்டேரின் 90 தொகுதிகளும் ஒரு நாயும் உண்டு. இலங்கையில் பிரித்தானிய ஆட்சியை உள்ளே இருந்தே சந்தேகப்பட்ட நல்ல மனிதர், எழுத்தும் சுத்தம். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு மனத்தில் நிற்கிற பெயர் நாயின் பெயர்தான். சார்ல்ஸ்.

என்னுடைய கேள்வி எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். ‘பட்டாம்பூச்சி’யை எடுங்கள். ஆன்றி ஷாரியர் 1969இல் பிரெஞ்சில் எழுதியதை ரா. கி. ரங்கராஜன் குமுதத்தில் தொடராகத் தமிழில் கொடுத்தார். சிறைத்தீவு, தப்புதல், பிடிபடுதல், திரும்பத் தப்புதல். அதை ஒரே மூச்சில் வாசிக்காத ஆளை நான் காணவில்லை. புத்தகம் முழுக்க மனிதர்கள். ஆனால் பிறகு ஆராய்ந்தவர்கள், அதில் நிறைய விஷயம் அவருக்கு நடந்ததில்லை, கூட இருந்த கைதிகளுக்கு நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களை எழுதுவது ஒன்று. பக்கத்தில் நின்றவனுடைய தழும்பைத் தன் உடம்பில் ஒட்டிக்கொள்வது வேறொன்று. இது தெரிந்த பிறகும் நான் அதைத் திரும்ப வாசித்தேன். சுவை குறையவில்லை. நம்பிக்கைதான் குறைந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருக்கப் பழகினால் எங்கள் ஊர்ச் சண்டைகள் பாதி குறையும்.

கட்டுரை நூல்களைப் பற்றி ஒன்று மட்டும். யுவால் ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ நாகலட்சுமி சண்முகம் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. அதில் விவசாயம் தொடங்கியதைச் சரித்திரத்தின் மிகப் பெரிய மோசடி என்று ஒரு அத்தியாயம் சொல்கிறது. மனிதன் கோதுமையைப் பழக்கவில்லையாம், கோதுமைதான் மனிதனைப் பிடித்துக் குனிய வைத்ததாம். இதை வாசித்த அன்று வயலில் நின்று தனியாகச் சிரித்தேன். முதுகு உளைகிறவனுக்கு இது உடனே விளங்கும். கார்த்திகை மழை பிந்தினால் வானத்தையும், கூடினால் குளத்துக் கதவையும் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இன்னும் விளங்கும். ஆனால் அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது, அதற்காகக் கூட்டம் கூடுவது, கூட்டத்தில் சண்டை பிடிப்பது, பிறகு அதே ஆட்களே வரம்பில் இருந்து ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பது, இதெல்லாம் அந்த மோசடிக்குள்ளேதான் முளைத்தது. எழுபதாயிரம் வருடத்தை ஒரு புத்தகத்தில் அடக்கினால் தேத்தண்ணிக்கு இடமிராதுதான். நூல் நன்று. வாசியுங்கள். ஆனால் அதில் ஒரு ஆளையும் சந்திக்க மாட்டீர்கள்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஆசை கூட.

எங்கள் பொப் இசையைப் பற்றி இளம் ஆட்களுக்குத் தெரியாது என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வவுனியாவில் எந்தக் கலியாண வீட்டிலும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தொடங்கினால் எழும்புகிறவர்களில் பாதிப் பேர், 2018இல் அவர் சென்னையில் காலமானதற்குப் பிறகுதான் அவர் பெயரையே கேட்டிருப்பார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் அப்படித்தான். எனக்கு நித்தியைக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். மனோகரன் மேடைக்காரர், தன்னைப் பார்க்க வைப்பார். நித்தியின் பாட்டில் மாமி, மகள், கள்ளுக்கடை, படலை என்று ஊரே நிற்கும். ஒரு கிற்றாரோடு ஒரு பெடியன் ஒழுங்கையால் போகும்போது ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது மாதிரி.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். ஒருவர் மிதியைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் பாடகருக்கும் களை வந்துவிடும். பெண் குரல் ஆண் குரலாகும், துள்ளல் பாட்டு ஒப்பாரியாகும். “சுத்தடா!” என்று நாலு பேர் கத்துவார்கள். ஒரு ஒலிநாடாவை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை முழுதாகக் கேட்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. நடுவில் மாற்றினால் சுற்றினவருக்குக் கோபம் வரும். இப்போது போனில் ஒரு பாட்டு அரைவாசி போக முன்னமே அடுத்ததற்குத் தாவுகிறார்கள். கேட்டால், பிடிக்கவில்லை என்கிறார்கள். பிடிக்கிறதுக்கு நேரம் கொடுத்தால்தானே.

அந்த நாளில் சுற்றிக் கேட்டவற்றில் இயக்கப் பாடல்கள்தான் அதிகம். இதைச் சொல்லாமல் வன்னியில் பாட்டு ரசனை பற்றிக் கதைக்க முடியாது. எஸ். ஜி. சாந்தனின் குரலை இங்கே தெரியாதவர் இல்லை. 2017 பெப்ரவரியில் அவர் காலமானார். பெரும்பாலான வரிகள் புதுவை இரத்தினதுரை எழுதியவை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ரசிகனாக என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அணிநடை மெட்டில் வந்தவை எனக்கு அப்போதும் ஒட்டவில்லை, இப்போதும் ஒட்டவில்லை. எந்த நாட்டு இராணுவத்துக்கும் அந்த மெட்டைக் கழற்றிப் பூட்டலாம். கடலையும் வயலையும் அம்மாவையும் பாடியவை வேறு. அவற்றில் உடுக்கும் கூத்தின் இழுவையும் வந்தன. சாந்தன் அந்த இழுவையை அறிந்த பாடகர், கோயில் திருவிழா மேடையில் பழகிய தொண்டை. ஆனால் அந்தப் பாடல்கள் பிள்ளைகளைக் கூப்பிட்ட பாடல்களும்தான். மெட்டு நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிப்போனால், திரும்பி வராத பிள்ளையின் தாய் இந்த மண்டபத்தில் இருந்தால் என்ன நினைப்பா? மெட்டு நல்லதாக இருந்தபடியால்தான் பிள்ளை போனது. இதை ரசனைக்கு வெளியே வைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

கடல் கடந்த பிள்ளை ஒருத்தியின் பாட்டுக்கு வருகிறேன். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து வளர்ந்து, எண்பதுகளில் தாயோடு அகதியாகத் திரும்ப இலண்டன் போனவர். முதல் அல்பத்துக்கு ‘அருளர்’ என்று தகப்பனின் பெயரை வைத்தார், 2005இல். கூட இல்லாத தகப்பன். அவர் பத்திரிகையில் பார்த்துவிட்டு, பெருமையாக இருக்கிறது, தலைப்பை மாற்று என்று மின்னஞ்சல் போட்டதாக மகளே சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. இரண்டாவது ‘கலா’, 2007, தாயின் பெயர். அடுத்தது ‘மாயா’, 2010. அதற்கடுத்தது ‘மாதங்கி’, 2013. பிறகு 2016இல் ‘எய்ம்’, அதாவது எம்.ஐ.ஏ. என்கிற எழுத்துகளையே திருப்பிப் போட்டது. தகப்பன், தாய், தான், பிறகும் தான், அதற்குப் பிறகு தலைகீழான தான். என் காதுக்கு நல்லது ‘கலா’தான். அதிலே தமிழ்நாட்டு உருமி மேளக்காரர்களை உட்கார வைத்து அடிக்க விட்டிருக்கிறார். அவர்கள் அடிக்கிற இடத்தில் பாடகி கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார். அந்த ஒதுங்கல் பின்னால் வந்த தொகுப்புகளில் குறைந்துபோனது.

2009 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறைமாத வயிற்றோடு அவர் கிராமி மேடையில் ஆடினார். அந்த நாட்களில் வன்னிச் சனம் புதுக்குடியிருப்பையும் சுதந்திரபுரத்தையும் விட்டு மாத்தளன் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை. பிற்பாடு பார்த்தபோது எனக்குக் கோபமும் வரவில்லை, புல்லரிக்கவும் இல்லை. வெளியிலே எங்களைப் பற்றி உரக்கக் கத்திய பிரபலமான குரல்களில் அது ஒன்று. கத்தலில் விவரம் குறைவு. ஆனால் கத்தினார்.

விவரம் வேண்டுமென்றால் தகப்பனிடம் போக வேண்டும். அருளர் 1978இல் எழுதிய ‘லங்கா ராணி’, 1977 கலவரத்தில் அடிபட்ட சனத்தைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலைப் பற்றியது. நாவல் என்று போட்டிருந்தாலும் நான் அதைச் சாட்சிய நூலாகவே வாசித்தேன். கப்பல் முழுக்க ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம். நடுநடுவே இயக்கக்காரர் சொற்பொழிவு ஆற்றுவார்கள். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனேன்.

அதே 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம்தான் இந்தக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுக் காடுகளில் ஒரு பகுதியை வெட்டி வயலாக்கியது. என் வாய்க்காலுக்கு அங்கால் வயல் செய்கிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் எழுதிய நினைவுநூல் இன்னும் என் கைக்கு வரவில்லை. இருந்தால் கூட்டம் முடிய வந்து சொல்லுங்கள்.

எங்கள் சொந்த நினைவுநூல்களில் இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மலரவனின் ‘போர் உலா’. மணலாற்றிலிருந்து 1990 மாங்குளம் முகாம் தாக்குதல் வரைக்கும் போன ஒரு இளம் போராளியின் குறிப்பு. 1992இல், இருபது வயதில், அவர் இறந்துபோனார். புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ந. மாலதியின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெங்குவின் 2013இல் போட்டது. கொள்கை பேசுகிற இடங்களில் அது மற்றப் புத்தகங்களைப் போலவே இருக்கும். வழியில் கண்ட குடிசை, சோறு போட்ட ஆட்கள், காட்டுமரம் என்று வருகிற இடங்களில் அந்தப் பெடியனுக்கு ஒரு எழுத்தாளனின் கண். அந்தக் கண்ணுக்கு இன்னும் முப்பது வருடம் கிடைத்திருந்தால் என்ன பார்த்திருக்கும் என்று யோசிக்காமல் அதை மூடி வைக்க முடியாது.

அடுத்தது தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. எங்கள் பரந்தன் பிள்ளை, இயக்கத்தின் அரசியல்துறையில் இருந்தவர். 2015 ஒக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். 2016இல் காலச்சுவடு வெளியிட்டது. சாமிநாதன் விமல் சிங்களத்துக்குக் கொண்டுபோனார். வந்த உடனே இங்கே இரண்டு கூச்சல். துரோகி என்று ஒரு பக்கம், அவர் எழுதவே இல்லை, யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று மறுபக்கம். கலாமோடு அருண் திவாரி சேர்ந்து எழுதினார், அட்டையிலேயே பெயர் இருக்கிறது. அதற்காக அதைக் கலாமின் கதை இல்லை என்று யாரும் சண்டை பிடித்ததில்லை. பரந்தன் பெட்டை எழுதினால் மட்டும் இங்கே எல்லோரும் கையெழுத்து நிபுணர்கள்.

என் அபிப்பிராயம் இது. அரசியல்துறைக் கூட்டங்கள், முடிவுகள், பொறுப்பாளர்கள் பற்றிய பக்கங்களில் அறிக்கை வாடை உண்டு. பல வருடம் அறிக்கை எழுதிய கை. தன்னுடைய பொறுப்பைப் பற்றிச் சொல்லும் சில இடங்களில் வேகமாகக் கடந்து போகிறார். அங்கே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி அவர் எழுதியதை வாசித்துக் கோபப்படுகிறவர்களும் உண்டு, இன்னும் எழுதியிருக்க வேண்டும் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டம். ஆனால் வெலிக்கடைச் சிறைக்குள் போனதும் புத்தகம் வேறாகிவிடுகிறது. தன்னைச் சுற்றியிருந்த பெண் கைதிகளை, சிங்களப் பெண்கள் உட்பட, அவர் பார்க்கத் தொடங்குகிறார். இவ்வளவு காலமும் மேடையில் நின்று சனத்தைப் பார்த்தவர், முதல்தரமாகச் சனத்துக்குள் நின்று பார்க்கிறார். அந்தப் பக்கங்களுக்காக மற்றதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்த பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கில் சனம் கம்பிக்குள் இருந்தது. 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. தண்ணீர் வரிசையில் வாளியோடு நின்ற சனத்தைப் பற்றி வெளிநாட்டு நிருபர் எழுதியிருக்கிறார், ஐ.நா.வில் வேலை செய்தவர் சித்திரப் புத்தகமே போட்டிருக்கிறார். நிருபருக்கு அந்த வரிசை ஒரு காட்சி. முன்னால் நின்றவ யார், அவ ஏன் வாளியை மாற்றி மாற்றி வைத்தா, யார் யாருக்கு இடம் விட்டார்கள் என்று எழுத, அந்த வரிசையில் நின்ற ஆள் வேண்டும். பொறுப்பாளர்கள் எழுதிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எழுதவில்லை, அல்லது எழுதினது கொப்பியோடு இருக்கிறது.

பின்வரிசைத் தம்பி ஒருவர் கூட்டம் தொடங்க முன்னமே என்னிடம் கேட்டார்: “ஐயா, ஒன்று மட்டும் வாசிக்கிறதென்றால் எதை வாசிக்க?” தமிழினியை எடுங்கள், தம்பி. தனியாக இருந்து வாசிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஆள் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார், அம்மம்மாவோ மாமாவோ. அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். “அது அப்படியில்லை” என்று அவர் இடைமறிக்கிற பக்கத்தில் மூலையை மடித்துவிட்டு, அவர் சொல்கிறதைக் கேளுங்கள். நூலகப் புத்தகத்தை மடித்தது யார் என்று நூலகர் கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். ‘என் சரித்திர’த்துக்கே அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.